இரண்டு காதிலும் கேட்கும்படி

பென்கா அத்தை வீட்டு அடுப்படியில், ஃபிரிட்ஜுக்கு மேல், ஒரு சின்ன டிவி இருக்கிறது. அதில் தில்யானா வாயசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

"சத்தத்தை ஏத்து," என்றார் அத்தை.

"முழுசா ஏத்தியாச்சு."

வெள்ளைப் பலகையில் தில்யானா ஒரு வட்டம் வரைந்தாள். வட்டத்தை நோக்கி நான்கு சாலைகள். பேனாவின் முனையால் ஒரு சாலையைத் தட்டினாள். தட்டிய சத்தமும் கேட்கவில்லை.

"வீட்டுல கேட்டுச்சுன்னு சொன்னியே."

"கேட்டுச்சு அத்தை."

"என்ன கேட்டுச்சு?"

"ரவுண்டானாவுல யார் முதல்ல போகணும்னு சொல்றா."

"இங்க வந்ததும் ஊமையாயிட்டாளா?"

அத்தை காதில் இருந்த கருவியைத் திருகினார். அது ஒரு முறை கீச்சிட்டது. பிறகு மேல் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவள் மாவு கையோடு வந்து, டிவிக்குக் கீழே நின்று, காதைச் சாய்த்தாள்.

"ஒண்ணும் இல்லையே பென்கா."

"பாத்தியா? என் காது இல்லை," என்றார் அத்தை என்னிடம்.

தில்யானா என் மனைவி, அத்தையின் மகள். ரூசே நகரத்தில் ஓர் ஓட்டுநர் பள்ளியில் சாலை விதிகள் சொல்லிக்கொடுத்தாள். ஆகஸ்டில், தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. காலையில் காபி போட்டவள் மாலையில் இல்லை. வரும் ஞாயிறு ஆறு மாதச் சடங்கு. அத்தை முன்கூட்டியே அடுக்ககத்தின் வாசல் கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டார். அடையாள அட்டைப் படம். கீழே, "ஆறு மாதம், நீ இல்லாமல்". லிஃப்டுக்குள் ஒன்று. பேருந்து நிறுத்தத்து மரத்தில் ஒன்று.

படம் எங்கும் இருந்தது. அத்தைக்கு வேண்டியது குரல்.

தில்யானாவின் குரல் வேறெங்கும் இல்லை. ஃபோனில் அவள் பேசி அனுப்ப மாட்டாள், தட்டித்தான் அனுப்புவாள். வீடியோ எடுத்தால் எடுப்பவள் அவள், பேசுபவர்கள் மற்றவர்கள். எங்கள் கல்யாண வீடியோவில் பாண்டு வாத்தியம்தான் கேட்கிறது. இருப்பது இந்த ஒரு பாடம். ஓட்டுநர் பள்ளிக்காக அவளே கேமராவை நிறுத்தி எடுத்தது. பள்ளி அதை வெளியிடவில்லை. ஏனென்று நான் கேட்டதில்லை. அவளுடைய கணினியில் கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க," என்றார் அத்தை. "அவ இந்த அடுப்படியில பேசணும். என்ன பேசினாலும் சரி. ரவுண்டானான்னா ரவுண்டானா."

"பேச வைக்கிறேன்," என்றேன்.

வேலை முடிந்து வந்ததும் கணினி முன் உட்கார்ந்தேன். நான் படித்தது மின் பொறியியல். ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன்களின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது எனக்குப் புதிதில்லை. வீடியோ புதிது. எஃப்எஃப்எம்பெக் என்று ஒரு கருவி இருக்கிறது. அதற்குப் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. ஒரே வரியில் சொல்ல வேண்டும். உள்ளே போவது எது, நடுவில் என்ன செய்ய வேண்டும், வெளியே வருவது எது. சொன்னால் செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பாகச் செய்யும், அல்லது சிவப்பு எழுத்தில் திட்டும்.

முதல் தடவை அத்தையின் டிவி இந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. கேமரா புதிய முறையில் சுருக்கியிருந்தது, டிவி பழசு. படத்தைப் பழைய முறைக்கு மாற்றினேன். அப்போதுதான் படம் வந்தது, சத்தம் இல்லாமல். எனவே ஒலியும் டிவிக்குப் புரியாத முறையில் இருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கருவியைக் கேட்டேன். ஒரு படத்தடம், ஒரு ஒலித்தடம் என்றது. ஒலி இரண்டு பக்கமும் இருக்கிறது, இடமும் வலமும். குறை எதுவும் சொல்லவில்லை.

ஒலியைப் பழைய முறைக்கு மாற்றினேன். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பேசினாள்.

"இதுலதான் எல்லாரும் குழம்புவாங்க. பலகை இருந்தா, உள்ளே சுத்துறவருக்கு முதல் உரிமை. பலகை இல்லைன்னா, வலது பக்கத்துல இருந்து வர்றவருக்கு."

அங்கேயே நிறுத்தினேன். எப்போதும் அந்த இடத்தை ஒட்டித்தான் நிறுத்துவேன். ஹெட்போனைக் கழற்றினேன். இந்த வீட்டு அறைக்குள் அவள் குரலை நான் விட்டதில்லை. காதுக்குள் இருந்தால் போதும் என்று வைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் குரல் ஓர் இடத்திலிருந்து வராது. எதிரிலிருந்து இல்லை. பின்னாலிருந்தும் இல்லை. தலையைச் சுற்றி எங்கோ பரவிக் கிடக்கும். திரையில் அவள் வாய் ஓரிடத்தில் அசையும், குரல் வேறெங்கோ இருக்கும். இறந்தவர்களின் குரல் அப்படித்தான் கேட்கும் போல என்று விட்டுவிட்டேன்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மறுபடி ஊமை.

வீட்டுக்கு வந்து கருவியை ஒலியின் அளவைச் சொல்லச் சொன்னேன். யாரோ சாதாரணமாகப் பேசும் அளவு என்று எண் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருவிக்குத் தில்யானாவைத் தெரியாது. அதற்குத் துக்கம் இல்லை. அதுவும் கேட்கிறது என்கிறது. ஒலியை மடங்கு மடங்காகக் கூட்டினேன். இப்போது ஹெட்போனில் காது வலித்தது.

அத்தையின் டிவியில் அது காய்ந்த இலையைக் காலால் தள்ளுவது போல் வந்தது. இலைகளுக்கு நடுவே பேச்சு இருந்ததா என்று இருவரும் கூர்ந்து கேட்டோம். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இல்லை.

"ஹெட்போன் கொண்டு வந்திருக்கேன். மாட்டிப் பாருங்க அத்தை. அப்போ நம்புவீங்க."

மாட்டினார். அவர் காதுக் கருவி விசில் அடித்தது. கருவியைக் கழற்றிவிட்டு மாட்டினார். அப்போது அவருக்கு எதுவும் கேட்காது. ஹெட்போனை மேசையில் போட்டார்.

"இது எதுக்கு? வர்றவங்க எல்லாம் வரிசையில நின்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் காதுல மாட்டிக்குவாங்களா?"

"உள்ளே குரல் இருக்குன்னு காட்டத்தான்."

"எனக்குத் தெரியும், இருந்துச்சு." அடுப்பை அணைத்தார். "நீ எடுத்துட்டே."

"என்ன எடுத்தேன்?"

"குரலை. உனக்கு மட்டும் வேணும்னு எடுத்து வெச்சுக்கிட்டே. பெட்டியைத் திறந்து ஏதோ பண்றே, மாத்துறேன் மாத்துறேன்னு. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமா போகுது. முதல்ல இல்லை, இப்போ இலைச் சத்தம். அவ கோட்டுகூட உன்கிட்டதான் இருக்கு."

"கோட்டு வேணும்னா நாளைக்கே தர்றேன்."

"கோட்டு பேசுமா?"

பென் டிரைவைப் பிடுங்கி என் கையில் வைத்தார். கோபமாக இல்லை. கடைக்காரர் மீதியைத் திருப்பிக் கொடுப்பது போல்.

பேருந்தில் வரும்போது யோசித்தேன். ஒருவேளை உண்மையாகவே நான் ஏதாவது எடுத்திருப்பேனா. கட்டளைகளைப் படியெடுத்து ஒட்டியிருந்தேன். பாதிக்கு மேல் யாரோ முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதி வைத்தவை. ஒருவர் "இது எனக்கு வேலை செய்தது, ஏனென்று தெரியாது" என்று எழுதியிருந்தார். அவரைத்தான் அதிகம் நம்பினேன்.

மூலக் கோப்பை, நான் தொடாததை, பிளாகோய்க்கு ஃபோனில் அனுப்பினேன். பிளாகோய் என்னோடு பள்ளியில் படித்தவன். கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வைக்கிறான். இந்தப் பாடத்துக்கு மைக் கொடுத்தவனும் அவன்தான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

"மச்சான், என்னடா இது, ஊமைப் படம் அனுப்பியிருக்கே."

"சத்தம் இருக்கு."

"எங்கே இருக்கு? ஃபோன்ல போட்டேன். சரி, ஃபோன் தகராறுன்னு பெரிய பெட்டியில போட்டேன். ஊரையே எழுப்புற பெட்டிடா அது. உஸ்ஸுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"எனக்குக் கேக்குது."

அவன் வேனின் கதவு சாத்தும் சத்தம் வந்தது.

"என்ன கேக்குது?"

"அவ பேசுறா. நல்லா கேக்குது."

"யாவோர், சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன?"

"ரொட்டி."

"ரொட்டிக்கு என்ன?"

"ரொட்டிதான்."

"டேய், எங்க அக்கா ஒரு டாக்டர்கிட்ட போனா, புருஷன் போனப்போ. நல்ல ஆளு. ஒண்ணும் பெருசா கேக்க மாட்டார். நானே கூட்டிட்டுப் போறேன். வேன்லயே போயிடலாம்."

"அளவு எடுத்துப் பாத்தேன். எண் வருது."

"எனக்கும் எத்தனையோ எண் வருது," என்றான். பிறகு மெதுவாக, "ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள தூங்கு."

தூங்கவில்லை என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை.

சனிக்கிழமை காலை. விடுமுறை. வெளியே ஆற்றுப் பனி, எதிர்க் கரை தெரியவில்லை. மூலக் கோப்பை முதலிலிருந்து போட்டேன். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தவில்லை. கடைசி வரை பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குரலில் எங்காவது வெட்டு இருந்தால், எங்காவது போய்விட்டிருந்தால், தெரியட்டும் என்று விட்டேன்.

ரவுண்டானா முடிந்தது. டிராக்டரை முந்துவது முடிந்தது. பாதசாரிக் கோடு முடிந்தது. "அவ்வளவுதான். சாலையில பாக்கலாம்," என்றாள் தில்யானா. கேமராவை நோக்கி வந்தாள். அணைக்கவில்லை. திரை முழுக்க அவளுடைய பச்சைச் சட்டை. அவள் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. எனக்குத் தெரியும் அதை. இப்போது என் தலையில் இருப்பது அதுதான். ஃபோனை எடுத்தாள்.

"ஸ்தாமென் அண்ணே, மறுபடியும் எடுத்துட்டேன். அனுப்புறேன்."

ஸ்தாமென் ஓட்டுநர் பள்ளியின் முதலாளி. அவர் சொன்னது கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது.

"இல்லைண்ணே. முன்னாடி எடுத்ததுலயும் சத்தம் இருந்துச்சு. நான் ஹெட்போன் போட்டுக்கிட்டுதான் எடுக்குறேன். என் காதுல கேக்குது... உங்க ஃபோன்ல வரலைன்னா நான் என்ன பண்ண?... ஆஃபீஸ்ல யாருக்கும் வரலையா?... நானா? நான் எதுக்கு இல்லாததைக் கேக்கப் போறேன்?... சிரிக்காதீங்க அண்ணே. கிறுக்கு எல்லாம் இல்லை... சரி. சரி. வெச்சுடுறேன்."

ஃபோனை மேசையில் வைத்தாள். பிறகு யாரிடமும் இல்லாமல், "எனக்குக் கேக்குதே," என்றாள். ஒரு கை வந்து திரையை மூடியது. படம் முடிந்தது.

எழுந்து சன்னலைத் திறந்தேன். குளிர் வந்தது. சாத்தினேன். மறுபடி உட்கார்ந்தேன்.

நான் இந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம். அவள் போவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். ஆகவே அத்தை சொன்னது சரியில்லை. நான் எதையும் எடுக்கவில்லை. நான் தொடும் முன்பே அது இப்படித்தான் இருந்தது. அவளுக்குக் கேட்டது. எனக்குக் கேட்கிறது. ஸ்தாமெனின் ஃபோனுக்கும் பிளாகோயின் பெட்டிக்கும் அத்தையின் டிவிக்கும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொது என்ன? கல்யாணம். அதைத் தவிர, இந்த ஹெட்போன்.

ஹெட்போன் கம்பியைப் பிடுங்கினேன்.

கணினியின் சொந்த ஸ்பீக்கர்களிலிருந்து குரல் அறைக்குள் வந்தது. மெலிசாக, தகரக் குழாய்க்குள் யாரோ பேசுவது போல். முழு ஊமையும் இல்லை, பேச்சும் இல்லை. இது இன்னும் குழப்பியது. சத்தத்தைக் கூட்டக் கை நீட்டினேன். கணினியின் இடது பக்கம் உள்ளங்கை படிந்துவிட்டது, அங்கிருந்த சின்ன ஓட்டைகள் மேல்.

குரல் கூடியது.

கையை எடுத்தேன். குறைந்தது. வைத்தேன். கூடியது. வலது பக்கத்தை மூடினேன். அப்போதும் கூடியது. இரண்டையும் திறந்துவிட்டால் மெலிந்தது. பாதி வாயைப் பொத்தினால் பேசுகிறாள், முழுசாகத் திறந்தால் பேச மாட்டேன் என்கிறாள். குழந்தை போல் கொஞ்ச நேரம் கையை வைத்து எடுத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வர வேண்டியது. வரவில்லை.

பிறகு கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. ஒலி ஓர் அலை. மேலே போகும், கீழே வரும். இடது பக்கம் மேலே போகும் அதே நொடியில் வலது பக்கம் அதே அளவு கீழே போனால், தனித்தனியாக இரண்டும் சரியான குரல்தான். ஒரு காதுக்கு ஒன்று என்று கொடுத்தால் கேட்கும். ஆனால் ஒரே ஒரு ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் இரண்டையும் கூட்டித்தான் கொடுப்பார்கள். கூட்டினால் பூஜ்யம். ஃபோன், ஒற்றைப் பெட்டி, ஃபிரிட்ஜ் மேல் டிவி. எல்லாம் ஒற்றை வாய்.

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினேன். இடத்தையும் வலத்தையும் ஒன்றாகக் கூட்டு, கூட்டியதன் அளவைச் சொல். கருவி சொன்னது. கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

இன்னொரு வரி. வலத்தைத் தலைகீழாகத் திருப்பு, பிறகு கூட்டு. யாரோ சாதாரணமாகப் பேசும் அளவு.

பிளாகோயைக் கூப்பிட்டேன்.

"தில்யானாவுக்கு மைக் கொடுத்தப்போ என்ன கம்பி கொடுத்தே?"

"ஏன்டா?"

"சொல்லு."

"மைக்ல மூணு ஊசி. கேமராவுல சின்ன ஓட்டை. நடுவுல நான் பத்த வெச்ச கம்பி."

"எப்படிப் பத்த வெச்சே?"

"நல்லாத்தான் பத்த வெச்சேன். முதல்ல ஒரு கம்பிதான் போட்டேன். அவ மாட்டிப் பாத்துட்டு, 'பிளாகோய், ஒரு காதுலதான் கேக்குது, செவிடி மாதிரி இருக்கு'ன்னா. பாவம்னு மைக்ல மிச்சம் இருந்த ஊசியையும் இன்னொரு காதுக்குச் சேத்துட்டேன். ரெண்டு காதுலயும் கேட்டுச்சு. சந்தோஷமா எடுத்துட்டுப் போனா."

"அந்த இன்னொரு ஊசியில என்ன வரும்?"

"அதே சத்தம்தான்."

"அதே சத்தம் தலைகீழா வரும்."

அவனுக்கு அது தெரியும். கல்யாணத்துக் கல்யாணம் இதே மைக்கைப் பெரிய பெட்டியில் மாட்டுகிறவன். அங்கே அந்தத் தலைகீழ்க் கம்பியைத் திருப்பிச் சேர்த்துக்கொள்வது பெட்டியின் வேலை. கேமராவுக்கு அந்த வேலை தெரியாது. நான் எதுவும் விளக்கவில்லை.

"ஐயோ," என்றான். "ரெண்டு காதுலயும் கேக்கட்டும்னுதான்டா..."

"தெரியும்."

"உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனே."

"சொன்னே."

"மச்சான், அதே கம்பியைத்தான் மார்ட்டென் ஊருல நடந்த கல்யாணத்துல வீடியோக்காரனுக்குக் கொடுத்தேன். பொண்ணோட அப்பா பேசினது வரவேயில்லைன்னு சண்டைக்கு வந்தாங்க. அவர் குடிச்சுட்டு வாயை மட்டும் அசைச்சார்னு சொல்லி அனுப்பிட்டேன். அவரும் சரி, இருக்கும்னு ஒத்துக்கிட்டார்."

கடைசிக் கட்டளை சின்னது. படத்தைத் தொடாதே. ஒலியில் வலத்தை விட்டுவிடு. இடத்தை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் கொடு. நொடிகளில் முடிந்துவிட்டது. அதைப் பென் டிரைவில் போட்டேன். வேறெதையும் வெட்டவில்லை. வெட்டத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை கல்லறைக்குப் போனோம். பாதிரியார் பாடினார், குளிரில் சீக்கிரம் பாடினார். கல்லின் மேல் மது ஊற்றினோம். வேகவைத்த கோதுமையைச் சர்க்கரையும் வாதுமைத் தூளும் போட்டு அத்தை காகிதக் கிண்ணங்களில் கொடுத்தார். வாங்கியவர்கள் "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார்கள். அத்தை என்னிடமும் ஒரு கிண்ணம் நீட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

பிறகு அடுப்படி. பீன்ஸ் சூப், ஊறுகாய் மிளகாய், ரக்கியா என்னும் பழச் சாராயம். அத்தை, மேல் வீட்டுக்காரி, பிளாகோய், ஓட்டுநர் பள்ளி ஸ்தாமென். ஸ்தாமென் பெரிய ஆள். நாற்காலி போதாமல் சன்னலோரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். யாரும் கோப்பையை இடித்துக்கொள்ளவில்லை. குடிக்கும் முன் எல்லோரும் தரையில் ஒரு சொட்டு விட்டார்கள்.

டிவியின் பின்னால் பென் டிரைவைச் செருகினேன்.

"வேண்டாம்," என்றார் அத்தை. "இன்னிக்கு அவளை ஊமையா பாக்க முடியாது என்னால."

"ஒரு தடவை."

"வாய் மட்டும் அசையும். நான் பாக்க மாட்டேன்." டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கரண்டியை எடுத்தார், சூப்பைக் கலக்க.

போட்டேன்.

"வணக்கம். இன்னிக்கு ரவுண்டானா," என்றாள் தில்யானா.

கரண்டி நின்றது. அத்தை திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே நின்று கேட்டார். பலகையில் பேனா தட்டியது, டக் டக் என்று. சூப் கொதித்தது. மேல் வீட்டுக்காரி எழுந்து போய் அடுப்பை அணைத்தாள், அந்தச் சத்தமும் வேண்டாம் என்று.

"இதுலதான் எல்லாரும் குழம்புவாங்க," என்றாள் தில்யானா.

"ஆமா," என்றார் அத்தை, அடுப்பைப் பார்த்து.

பிளாகோய் தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். தின்னவில்லை. டிராக்டரை முந்தும் இடத்தில் அத்தை மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். தில்யானா பேசப் பேச அவர் உதடும் லேசாக அசைந்தது. என்னால் எதிலும் சேர முடியவில்லை. டிவியின் அடியில் இருந்த அந்த ஒற்றை ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நொடியும் நின்றுவிடும் என்று இருந்தது.

"அவ்வளவுதான். சாலையில பாக்கலாம்."

பாடம் முடிந்தது என்று ஸ்தாமென் கைதட்டப் போனார். பச்சைச் சட்டை வந்தது.

"ஸ்தாமென் அண்ணே, மறுபடியும் எடுத்துட்டேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடினார். டிவியில் அவள் பேசி முடிக்கும் வரை அந்தப் பெரிய உடம்பு பெட்டியின் மேல் அசையவில்லை. "சிரிக்காதீங்க அண்ணே. கிறுக்கு எல்லாம் இல்லை." ஃபோனை வைத்தாள். "எனக்குக் கேக்குதே." கை வந்தது. கறுப்பு.

"என்ன சொன்னே அவகிட்ட?" என்றார் அத்தை.

"ஃபோன்ல சத்தம் வரலைன்னு சொன்னேன், பென்கா அக்கா. உண்மையிலேயே வரலை."

"அதுக்கப்புறம்?"

"ஆஃபீஸ்ல எல்லாரும் கேட்டுப் பாத்தாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

ஸ்தாமென் தொப்பியைத் தேடினார். அது அவர் மடியில்தான் இருந்தது. "இல்லாத சத்தம் கேக்குது, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு கேட்டேன். விளையாட்டா. அவளும் நானும் அப்படித்தான் பேசிக்குவோம்."

"சத்தம் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அப்போ அவ கிறுக்கு இல்லை."

"இல்லை."

"அதை வாயால சொல்லு."

"தில்யானா கிறுக்கு இல்லை, அக்கா."

"யாவோரும் இல்லை," என்றார் அத்தை. என்னைப் பார்க்கவில்லை. சூப்பை ஊற்ற ஆரம்பித்திருந்தார். முதல் கிண்ணம் என் முன்னால் வந்தது. நிரம்பி வழிந்தது. "சாப்பிடு. வெறும் ரொட்டி தின்னுட்டு இருக்கான்னு பிளாகோய் சொன்னான்."

சாப்பிட்டேன். பிளாகோய் தன் கம்பியைப் பற்றி எல்லோருக்கும் விளக்கினான். யாருக்கும் புரியவில்லை. "அப்போ ரெண்டு தில்யானா பேசினாங்க, ஒருத்தி பேசினதை இன்னொருத்தி அழிச்சா, அதானே?" என்றாள் மேல் வீட்டுக்காரி. "கிட்டத்தட்ட," என்றான் பிளாகோய், தப்பித்தால் போதும் என்று. அத்தை மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது தடவை முடிந்ததும் ஸ்தாமெனிடம் கேட்டார், பலகை இல்லாத ரவுண்டானாவில் உண்மையாகவே வலது பக்கத்துக்காரன்தான் முதலா, அப்படியானால் சந்தைப் பக்கத்துப் பேருந்து ஓட்டுநர் தினமும் தப்பு செய்கிறாரே. ஸ்தாமென் தப்புதான் என்றார். பள்ளியில் அந்தப் பாடத்தைப் போடுவதாகவும் சொன்னார். கடைசியில் இருக்கும் ஃபோன் பேச்சை என்ன செய்வது என்று கேட்டார். அத்தை யோசித்தார்.

"அதையும் சேத்துப் போடு."

கிளம்பும்போது பென் டிரைவை டிவியிலேயே விட்டேன். அத்தை வாசல் வரை வந்தார்.

"கோட்டு உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.

வீட்டில் இரண்டு கோப்புகளும் இருக்கின்றன. சரிசெய்ததை ஹெட்போனில் கேட்டால், தில்யானா எனக்கு நேர் எதிரே நின்று பேசுகிறாள். பலகைக்கு முன்னால், வாய் அசையும் இடத்தில். அப்படித்தான் அன்று அந்த அறையில் இருந்திருக்கும். பழையதில் அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாது. எல்லாப் பக்கமும் இருக்கிறாள். அது துக்கம் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது கம்பி.

பழையதை இனி வைத்திருக்கக் காரணம் இல்லை. அழிக்கும் கட்டளை மிகச் சின்னது, இரண்டு எழுத்தும் கோப்பின் பெயரும். தட்டினேன். கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை. வரியின் கடைசியில் கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. ஹெட்போனை மாட்டி, பழையதைப் போட்டேன்.